கறுத்துப்போன எண்ணெயில் பஜ்ஜி: தள்ளுவண்டி பக்கம் வராத சட்டம்!

சென்னை:
சாயங்காலம் 4 மணி ஆனால் போதும், டீக்கடை வாசலில் வாழைக்காய் பஜ்ஜிக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் கூட்டம் மொய்க்கிறது. சித்தாள், லோடுமேன், ஆட்டோக்காரர் என்று பலருக்கு இது நொறுக்குத்தீனி இல்லை. 4 பஜ்ஜி, ஒரு டீயோடு மத்தியான சாப்பாட்டையே முடித்துக் கொள்கிறார்கள்.

பசி அடங்கும், சரி. உடம்பில் சேருவது என்ன? கடலை மாவில் புரதம் உண்டு, நிஜம்தான். ஆனா ஒரு பஜ்ஜியில ஒட்டுற மாவு எவ்வளவு? வாழைக்காய், உருளைக்கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்து. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி என்றால், எண்ணெய் கிராமுக்கு 9. எண்ணெய் சரியா காயாமல் போட்டால் பஜ்ஜி இன்னும் எண்ணெய் குடிக்கும்.

அதைவிட வில்லங்கம், அதே எண்ணெயைத் திரும்பத் திரும்ப காய்ச்சுவது. அப்படி காய்ச்சும்போது சேரும் 'போலார்' கழிவுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைத் தொடக்கூடாது. 2018 ஜூலை 1 முதல் இதுதான் விதி. பழைய எண்ணெயை வாங்கி பயோ டீசல் ஆக்கும் திட்டமும் அதே ஆண்டு வந்தது.

ஆனால் கணக்கு எழுதி வைக்க வேண்டியது யார்? தினமும் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்றும் பெரிய கடைகள் மட்டும்! சில லிட்டரில் வியாபாரம் பண்ணும் தள்ளுவண்டிக்கு நோட்டும் இல்லை, அளக்கும் மீட்டரும் இல்லை. கூலி ஆள் சாப்பிடுவதோ அங்கேதான்.

வண்டிக்காரரை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லை. 2024 செப்டம்பரில் இறக்குமதி கச்சா பாமாயிலுக்கு 20 சதவீத அடிப்படை வரி விழுந்தது. 2025 மே கடைசியில்தான் 10 ஆக குறைந்தது. எண்ணெய் விலை ஏறினாலும் பஜ்ஜி விலையை ஏத்தினா ஆள் வரமாட்டான். அப்புறம் பழைய எண்ணெயிலேயே புது எண்ணெயை ஊற்றி ஒப்பேத்துறதுதான் நடக்கும்.

பேப்பரில் வைத்து எண்ணெயைப் பிழிவதும் தப்பு. அச்சு மையும் சேர்ந்து உள்ளே போகும் (நம்ம பேப்பராக இருந்தாலும் சரி!). 2018 பேக்கிங் விதிகளிலேயே இதற்குத் தடை உண்டு.

மீட்டர் இல்லாட்டியும் கண்ணு இருக்கு. எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, பொங்கி நுரை தள்ளினால், சட்டி லேசா காய்ந்ததுமே புகைந்தால், அந்தக் கடையில் டீ மட்டும் சொல்லுங்க.