பாக் விரிகுடா: மீனவர் பேச்சு மீண்டும் தொடங்க வேண்டும்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். இரு கரைகளிலும் மீனவர்கள் பேசுவது தமிழே. இவ்வளவு நெருக்கம் இருந்தும் அந்தக் கடலில் உயிர்கள் போகின்றன. 2024 ஜூன் இறுதியில் தமிழக விசைப்படகு ஒன்றைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில், கடற்படையுடனான மோதலில் படகு மூழ்கி ராமேசுவரம் மீனவர் ஒருவர் இறந்தார். அந்த ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைதாயினர். கைது, போராட்டம், முதல்வரின் கடிதம், விடுதலை, மறுபடி கைது என்ற இந்தச் சுழலை உடைக்க வல்லது இரு கரை மீனவர்களின் நேரடிப் பேச்சு. அதைக் கிடப்பில் போட்டது பெருந்தவறு.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் நம் மீனவர்களுக்கும் இலங்கைக் கடற்படைக்கும் நடக்கும் மோதலாகவே சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மீனவர்களுக்கு இடமே இல்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட இலங்கை உள்நாட்டுப் போரில் அவர்களுக்குக் கடல் பெரும்பாலும் மூடப்பட்டே கிடந்தது. இரவு மீன்பிடிக்குத் தடை, இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு, அடுத்தடுத்த இடப்பெயர்வு என ஒரு தலைமுறையே தொழிலை இழந்தது. அதே காலத்தில்தான் தமிழகக் கரையில் விசைப்படகுகள் பெருகின. இதற்கு மீனவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1950களில் நார்வே உதவியுடன் கேரளத்தில் தொடங்கிய இந்திய மீன்பிடி நவீனமயமாக்கலும், இறால் ஏற்றுமதியில் கிடைத்த அந்நியச் செலாவணியும், அரசு தந்த மானியங்களுமே அவர்களை இழுவைமடிக்குத் தள்ளின.

போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய வடபகுதி மீனவரிடம் இருந்தது ஒரு சிறிய கண்ணாடியிழைப் படகும் கடனில் வாங்கிய வலையும்தான். இரவில் விரித்த வலை, எல்லை தாண்டி வந்த தமிழக விசைப்படகின் இழுவைமடியில் சிக்கி, விடியும்போது அறுந்து கிடந்தால் அவருடைய முதல் முழுவதும் போய்விடும். இழுவைமடியோ கடலடியைச் சுரண்டிக்கொண்டே போவது. மீன்குஞ்சு, கடற்புல், நண்டு என எதையும் அது விட்டுவைப்பதில்லை. ராமேசுவரம் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் நாள்களில், வலை போய்விடும் என்று அஞ்சி வடபகுதி மீனவர் பலர் கரையிலேயே இருந்துவிடுகின்றனர். ஈழத் தமிழரின் உரிமைக்காக இத்தனை காலம் குரல் கொடுத்த தமிழ்நாடு, அவர்களின் பிழைப்புரிமையையும் அதே அக்கறையுடன் பேசக் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கரையின் துயரமும் பொய்யல்ல. சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பங்குக்கோ கூலிக்கோ படகேறிய தொழிலாளர்கள். சம்பாதிப்பவர் அயல்நாட்டுச் சிறையில் இருக்க, வட்டியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் வீட்டுப் பெண்களின் தலையில் விழுகின்றன. கரையை ஒட்டிய கடல் பகுதியில் விசைப்படகு மீன்பிடிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே எல்லைக்கோடு. இடையில் உள்ள கடல் இத்தனை படகுகளுக்கும் போதாது.

இந்த உண்மைகள் யாவும் மீனவர்களுக்குத் தெரியும். 2004இல் தமிழக மீனவர் குழு ஒன்று இலங்கை சென்று பேசியது. 2010 ஆகஸ்டில் சென்னையில் நடந்த பேச்சில், இழுவைமடியை ஓராண்டுக்குள் கைவிடுவது, அதுவரை இலங்கைக் கடலில் ஆண்டுக்கு 70 நாள் மட்டும் கட்டுப்பாட்டுடன் தொழில் செய்வது என்ற இணக்கம் உருவானது. மீனவர்கள் தாங்களே எட்டிய உடன்பாடு அது. இரு அரசுகளும் அதற்கு உயிர் கொடுக்கவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மறுபடி சென்னையிலும் பேசினார்கள். 2015இல் தமிழகத் தரப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 83 நாள் அங்கே மீன்பிடிக்க அனுமதி கேட்டது. இலங்கைத் தரப்பு ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது என்றே இதைச் சொல்வார்கள். ஆனால் இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து நாள்கணக்கை வைத்து வாதாடியதே பெரிய முன்னேற்றம். 2016 நவம்பரில் டெல்லிப் பேச்சுக்குப் பின் அதிகாரிகளின் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவதாக முடிவு செய்த அந்தக் குழுவின் ஆறாவது கூட்டம் நடந்ததே 2024 அக்டோபரில்தான்.

கச்சத்தீவை மீட்போம் என்ற முழக்கம், பேச்சில் விழுந்த இந்த இடைவெளியை நிரப்பாது. அத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்த 1976 கடிதப் பரிமாற்றமும் தமிழக மீனவர்களைக் கேட்காமலே செய்யப்பட்டவை. அந்த மனக்குறை நியாயமானது. ஆனால் அறுபடும் வலைகள் நெடுந்தீவையும் தாண்டி யாழ்ப்பாணக் கரையோரம் வரை விரிக்கப்பட்டவை. தீவு நாளையே கைக்கு வந்தாலும் அவற்றுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

தமிழக அரசும் மத்திய அரசும் பாக் விரிகுடாவில் இழுவைமடிக்கு முடிவுநாள் அறிவிக்க வேண்டும். 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் 80 லட்சம் ரூபாய் படகுக்கு 70 விழுக்காடு மானியம் தந்தும், இலக்கு வைத்த 2,000 படகுகளில் சிறு பகுதியையே எட்டியது. ஒரு நாளுக்குள் கரை திரும்பிப் பழகியவரைப் பல நாள் கடல் தங்கலுக்கும் சூரை பிடிக்கும் தூண்டில் முறைக்கும் மாற்ற மானியம் மட்டும் போதாது. பயிற்சியும் சந்தையும் வேண்டும். பழைய படகை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதுடன் படகுத் தொழிலாளிக்கும் தனி இழப்பீடு தர வேண்டும். இதுவரையிலான திட்டங்கள் படகு உரிமையாளரையே பார்த்தன.

இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடை செய்தது சரியான முடிவு. அந்தத் தடை இலங்கையின் சொந்த இழுவைப் படகுகளுக்கும் தவறாமல் பொருந்த வேண்டும். மீனவர் படகுகள் மீது சுடுவதில்லை என்ற 2008 அக்டோபர் புரிந்துணர்வின் உணர்வு, படகை மோதுவதற்கும் அடிப்பதற்கும் இடம் தராது. கூலித் தொழிலாளியைச் சிறையில் அடைப்பதை இலங்கை அரசு நிறுத்தியாக வேண்டும். சிறு மீனவர் வாழ்வை மனித உரிமை நோக்கில் அணுகச் சொல்லும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2014 வழிகாட்டு நெறிகள் இரு அரசுகளுக்கும் பொதுவானவை.

இவற்றையெல்லாம் கண்காணிக்க மீனவர் பேச்சு நிலையான அமைப்பாக மாற வேண்டும். விசைப்படகு, நாட்டுப்படகு, கூலித் தொழிலாளி, மீனவப் பெண்கள் என எல்லோருக்கும் அதில் இடம் வேண்டும். எட்டிய முடிவுகளுக்கு இரு அரசுகளும் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆண்டுதோறும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒன்றாகக் கூடுகிறார்கள். அங்கே சாத்தியமாகிற சந்திப்பு, சென்னை, கொழும்பு விடுதி அரங்குகளுக்குப் போகாமலே தொடரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த 61 நாள்களுக்குள் ஓர் ஆண்டு ராமேசுவரத்திலும் மறு ஆண்டு யாழ்ப்பாணத்திலும் பேச்சை நடத்த இரு அரசுகளும் இப்போதே நாள் குறிக்கட்டும்.