ஆட்டைக் கொடுத்தார்கள், பட்டி எங்கே?

கூலிக்காரனுக்கு ஆடு வளர்க்கத் தெரியாது, கொடுத்த ஆட்டை விற்றுத் தின்றுவிட்டான் என்று நிலபுலமுள்ள பெரிய மனிதர்கள் ஏளனம் பேசுகிறார்கள். இது வெறும் ஏளனம் அல்ல தோழர்களே! குற்றத்தைச் செய்தவர் தப்பிக்க, பழியை ஏழையின் தலையில் கட்டும் தந்திரம்.

நடந்தது என்ன? 2011-ல் தமிழ்நாடு சர்க்கார் விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு 4 ஆடுகள், 5 ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்கள் என்று இலக்கு வைத்தது. ஆக, 28 லட்சம் ஆடுகள்! ஏழையின் வாசலுக்கு ஆடு வந்ததை நாம் குறை சொல்லவில்லை. லே-ஆப் விழுந்த மாதத்தில் மில் தொழிலாளியின் அடுப்பை எரிய வைப்பதும், அறுவடை இல்லாத நாளில் கூலி விவசாயியின் மானத்தைக் காப்பதும் அந்த ஆடுதான். ஆனால் ஒன்று கேட்கிறோம்: 28 லட்சம் ஆடுகளும் பகலில் எங்கே மேயும்? இரவில் எங்கே படுக்கும்?

வேலி யாருக்கு?

காங்கயம் வட்டாரத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கு வெள்வேல மரம். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அது பட்டா நிலம். நிலம் உள்ளவனுக்கு வேலி உண்டு. அந்த வேலியைக் கட்டிக் கொடுத்த கூலிக்காரனின் ஆட்டுக்கு ரோட்டோரம்!

ரோட்டோரத்து ஆடு பயிரில் வாய் வைத்தால் என்ன நடக்கும்? வெள்ளைக்காரன் 1871-லேயே கால்நடை அத்துமீறல் சட்டம் போட்டு, ஆட்டைப் பவுண்டில் அடைக்க வழி செய்துவிட்டான். அபராதம் கட்டித்தான் ஆட்டை மீட்கவேண்டும். அறுவடை முடிந்ததும் அதே நிலத்தில் கிடை போட ஆட்டை வரவேற்கிறார்கள். புழுக்கை வேண்டும், மேய்ச்சல் தர மனமில்லை! என்ன நியாயம் இது?

வேலியில்லாத ஆட்டை நாயும் விடவில்லை. திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் தெருநாய்கள் ஆடுகளைக் குதறிக் கொன்றன. 2025-ல் விவசாயிகள் வீதிக்கு வந்து போராடிய பிறகே சர்க்கார் இழப்பீடு அறிவித்தது. பாதிக்கப்பட்ட சிறு விவசாயி நமக்கு எதிரி அல்ல. நம் பக்கத்து ஆள். செத்த ஆட்டுக்குப் பணம் தருவது சரிதான். சாகாமல் காக்கும் பட்டிக்கு ஏன் வழி இல்லை?

கணக்கைப் பாருங்கள்

பட்டி என்றால் மாளிகையா? வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி போதும். நாலு ஆட்டுக்கு 8 அடி நீளம், 5 அடி அகலம். தரையிலிருந்து 3 அடி உயரத்தில் பரண். சட்டங்களுக்கு நடுவே அரை அங்குலம் இடைவெளி. புழுக்கையும் மூத்திரமும் கீழே போய்விடும். எரு தனியாகச் சேரும். ஈரத்தரையில் படுத்த ஆட்டுக்குத்தான் சளியும் கழிச்சலும் குளம்பு அழுகலும் வரும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயிலும் அதிகம் தாக்காது. மேலே ஓலையோ ஓடோ போதும்.

ஆடு உலாவ இன்னும் 80 சதுர அடி விட்டு, 5 அடி உயரத்துக்கு வேலி. மழைக்கு முன் கிளுவைப் போத்து நடலாம்; அது அடர்ந்து வரும்வரை முள் படல் கட்டலாம். நாய் பறித்து நுழையாதபடி அடியில் கல் புதைக்கவேண்டும். மொத்தம் 120 சதுர அடி. மூன்று சென்ட் மனை என்பது 1,306 சதுர அடி. இடம் தாராளம்!

அந்த மூன்று சென்ட் யாருடையது என்பதே கேள்வி. 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவனுக்கே சொந்தமாக்கியது. ஆனாலும் பட்டா இல்லாத குடும்பங்கள் இன்றும் உண்டு. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஏழைக்கு ஆட்டுக் கொட்டகை கட்ட வழி இருந்தது. மனையே இல்லாதவன் கொட்டகையை ஆகாயத்திலா கட்டுவான்?

தெரியாதவன் தொழிலாளி அல்ல. அவனுக்கு இல்லாதது நிலம்!

எனவே கேட்போம்: ஆடு தரும் திட்டம் எதுவானாலும் கொட்டகைக்கும் வேலிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கு! குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடு! கிராமப் பொது நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதன்படி மேய்ச்சல் புறம்போக்கை மீட்டு ஊருக்குக் கொடு. ஏழையின் குடிசையில் கை வைக்காதே!

கிராமசபை கூடும் நாளில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிக் கொண்டு போவோம். ஒருவர் போனால் விரட்டுவார்கள். ஊரே திரண்டு போனால் உட்கார்ந்து கேட்பார்கள்!