எரிந்தால்தான் பிடிக்குமா?

மாத்தளை டவுனிலிருந்து தம்புள்ளைப் பக்கம் ஏ-9 வீதியில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. திரிபிடகத்தை முதன்முதலாக ஓலையில் எழுதிவைத்த குகை விகாரைக்காக உலகம் அறிந்த ஊர். வெளிநாட்டுப் பயணிகள் அதைவிட அதிகநேரம் நிற்பது வீதியோரத்து ஸ்பைஸ் கார்டன்களில். அங்கே வழக்கமாகக் காட்டும் வித்தை ஒன்று உண்டு. கறுவா, ஏலம், மிளகு எல்லாம் காட்டி முடித்து, வந்தவரை வாங்கில் உட்காரவைத்து, கெண்டைக்காலில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு களிம்பைப் பூசுவார்கள். பத்து நிமிடம் ஊர்க்கதை. பிறகு பஞ்சால் ஒரு துடைப்பு. பூசின இடம் வாழைத்தண்டு மாதிரி வழுவழு என்று இருக்கும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். "எல்லாம் மூலிகை சேர்."

பத்து நிமிடத்தில் மயிரைக் கூழாக்கும் மூலிகை எதையும் நான் அறியேன். அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று போத்தலும் சொல்வதில்லை. ஆனால் பார்மசியில் விற்கிற மயிர் நீக்கும் கிறீம்களில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தயோகிளைக்கோலிக் அமிலத்தின் உப்பு. மயிர் என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் குறுக்கே கட்டிவைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். அந்த அமிலம் இந்தக் கட்டை அவிழ்க்கும். எல்லாக் கட்டும் அவிழ்ந்தால் மயிர் கரைந்துபோகும்.

ஓரளவு அவிழ்ந்தால்? சுருள் நிமிரும். பியூட்டி பார்லரில் ரீபோண்டிங் என்ற பெயரில் தலையில் பூசுவதும் இதே குடும்பத்துச் சாமான்தான். ஐரோப்பிய ஒன்றிய விதிகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மயிர் நீக்கும் கிறீமில் இந்த அமிலம் 5 சதவீதம் வரை இருக்கலாம். தலைமுடியைச் சுருட்டவும் நிமிர்த்தவும் தொழில்முறைப் பாவனைக்கு 11 சதவீதம் வரை அனுமதி. தலைக்குப் பூசுவதில்தான் அமிலம் கூட! வித்தியாசம் காரத்தன்மையில் இருக்கிறது. மயிர் நீக்கியின் பீஎச் 12.7 வரை போகலாம், தலைக்கானது 9.5-ஐத் தாண்டக் கூடாது. நிமிர்ந்த முடிக்கும் இல்லாத முடிக்கும் நடுவே நிற்பது அந்தக் காரமும் சில நிமிடங்களும்தான்.

முடியை நிமிர்த்த ரிலாக்ஸர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் பழைய வகையில் வேலை செய்வது கோஸ்டிக் சோடா, குசினிப் பைப் அடைத்தால் ஊற்றுகிறோமே, அதே சாமான். பீஎச் 12-க்கு மேல். 'நோ லை', அதாவது கோஸ்டிக் சோடா இல்லை, என்று டப்பாவில் போட்டுவருகிறதும் வேறொரு காரம்தான். ஏற்கெனவே தயோகிளைக்கோலிக் பூசிய முடியில் இந்தக் காரத்தைப் போட்டால் முடி அறுந்து கையோடு வரும். எங்கள் பக்கத்துப் போர்டுகளிலோ 'ரிலாக்ஸிங்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாகத் தொங்குகிறது. போன தடவை எதைப் பூசினார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பது அதனால்தான்.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், என் தங்கச்சி மகள் தன் அக்காவின் கலியாணத்துக்கு முடி நிமிர்த்தப் போனாள். நானும் கூடப் போனேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். அங்கே நடந்தது எங்கேயும் நடக்கிறதுதான். கதிரையில் உட்காரவைத்ததும் பிரஷ் முதலில் போனது நெற்றி ஓரத்துக்கு. பிறகு காதோரம். பிறகுதான் உச்சி, பிடரி. பிடரிக்கு வந்துசேர இருபத்தைந்து நிமிடம்.

"அக்கா, நெத்தி ஓரம் எரியுது."

"எரியட்டும் தங்கச்சி. எரிஞ்சாதான் பிடிக்கும். முன்னுக்குத்தானே எல்லாரும் பார்ப்பாங்க."

சொல்லிவிட்டு, படியாமல் நின்ற பூனைமுடிகளின் மேல் இன்னொரு தரம் இழுத்தார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கலியாண வீட்டு அவசரம்.

"எரிஞ்சாதான் பிடிக்கும்" என்பதை மருந்து எரிந்தால்தான் புண் ஆறும் என்பதைப் போலவே நம்புகிறார்கள். படித்த டீச்சர்மாரும் நம்புகிறார்கள். தோலுக்கு வெளியே நிற்கிற முடி செத்த பொருள். அதில் நரம்பு கிடையாது. வெட்டினால் வலிக்காதது மருந்து பிடித்தால் மட்டும் எப்படி எரியும்? எரிவது தோல். கிறீம் முடியைவிட்டு இறங்கித் தோலைத் தின்னத் தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் அந்த எரிச்சலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. முதல்நாள் நகத்தால் சொறிந்த தலையென்றால் இன்னும் சீக்கிரம் எரியும். சுருள் நிமிர்ந்ததா என்று பார்க்க ஒரு கீற்றைத் துடைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் முகம் சுளிப்பதைப் பார்த்தல்ல.

நெற்றி ஓரம்தான் முதலில் என்பது இதைவிட மோசம். அந்த ஓரத்து முடிதான் தலையிலேயே மெல்லியது. பூனைமுடியின் தடிமன் 30 மைக்ரோன்கூட வராது, உச்சிமுடி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கிறீம் உள்ளே போய்ச்சேர மெல்லிய முடியில் எவ்வளவு நேரம் பிடிக்கும்? எல்லாவற்றுக்கும் கடைசியில் பூச வேண்டியதை முதலில் பூசி, கூடவும் பூசி, நீண்டநேரமும் விட்டால் அது ஸ்பைஸ் கார்டன் கெண்டைக்காலாகத்தானே போகும்! அலுவிகாரையில் பார்க்கிறவர்களுக்காக இன்றும் ஓலையில் எழுதிக்காட்டுகிறார்கள். எழுத்தாணி பிடிக்கிறவர் ஓரத்தை விட்டுத்தான் தொடங்குவார்.

மூன்று கிழமைக்குள் என் மருமகளின் இரண்டு பொட்டுப் பக்கமும் பல்துலக்கும் பிரஷ் மாதிரி குட்டை முடி. வலப்பக்கம் பொருக்கு. அதை மறைக்க அவள் என்ன செய்தாள்? எல்லாப் பெண்களும் செய்வதைத்தான். முடியை இழுத்துப் பின்னுக்கு இறுக்கிக் கட்டினாள். கேப் டவுனில் தோல் மருத்துவர் நொன்லான்லா குமாலோவும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட ஆய்வுகளில், இழுத்துக் கட்டுவதால் வரும் ஓர வழுக்கை பள்ளி மாணவிகளில் 17.1 சதவீதத்தினருக்கும் வளர்ந்த பெண்களில் 31.7 சதவீதத்தினருக்கும் இருந்தது. நிமிர்த்திய முடியை இறுக்கிப் பின்னுவோருக்குத்தான் ஆபத்து கூட. அவர்கள் முடி வேறு, நம் முடி வேறு என்பது சரி. இரசாயனத்தால் பலம் போன முடியை இழுத்தால் என்ன ஆகும் என்பதில் வேறு இல்லை.

இதற்கு ஊர் வைத்திருக்கும் பதில், "தேங்காய் எண்ணெய் வையுங்க, வந்துடும்." முறிந்த முடி மாதம் ஒரு சென்ரிமீற்றராக எண்ணெய் இல்லாமலே வரும். வேர்ப்பை தழும்பாகிப்போன இடத்தில் தென்னந்தோப்பையே பிழிந்து ஊற்றினாலும் வராது.

பார்லர் பெண்களை மட்டும் திட்டி முடிக்க முடியாது. மாசியில் முத்துமாரியம்மன் தேருக்கு முந்தின கிழமை மாத்தளைப் பார்லர்களில் நிற்க இடமிருக்காது. ஒரு தலைக்கு மூன்று மணித்தியாலம் வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் கிடைக்கும். "முன்னுக்கு நல்லா அமுக்கிப் பூசுங்க" என்று கேட்பவர்களே நாங்கள்தான். சட்டமும் கைகொடுப்பதாகத் தெரியவில்லை. இலங்கையில் 1980இன் சட்டத்துக்கு 'அழகுசாதனங்கள், சாதனங்கள், மருந்துகள்' என்று பெயர். அதை நீக்கிவிட்டு 2015இல் வந்ததன் பெயர் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம். அழகுசாதனம் பெயரிலிருந்தே விழுந்துவிட்டது.

செய்யத்தான் வேண்டுமென்றால், வேலை தெரிந்தவர் செய்யும் விதம் இது. பூசுவதற்கு முன் இரண்டு நாளைக்குத் தலை சொறியக் கூடாது, முழுகக் கூடாது. நெற்றி, காது, பிடரி ஓரம் முழுக்க வாஸ்லின், தோலில் மட்டுமல்ல, தொடவேண்டாத பூனைமுடியின் மேலும். பூசுவது பிடரியிலிருந்து. தோலுக்கு அரை சென்ரிமீற்றர் விட்டு. ஓரத்தைக் கடைசி நிமிடங்களில் விரலால் ஒற்றினால் போதும், சீப்பு வேண்டாம். பலரும் கோட்டை விடுவது அலசும்போது. பின்னாலிருந்து கரைந்துவரும் கிறீம் நெற்றி வழியாக வடிந்தால் அங்கே வாஸ்லின் இல்லாத முடியெல்லாம் மறுபடி பூசினதாகவே கணக்கு. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நெற்றியிலிருந்து பின்பக்கம் தண்ணீர் போக வேண்டும். அடுத்த தடவை புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும். எரிந்தால் உடனே அலசுவது, நிமிர்ந்தாலும் நிமிராவிட்டாலும்.

மருமகளுக்கு முடி வந்துவிட்டது, வலப் பொட்டில் பெருவிரல் நகமளவு இடம் தவிர. போன மாதம் வேறொரு பார்லருக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். வாஸ்லின் டின்னைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்ததும் அதை மேசையில் வைத்தாள்.

"முன்முடியத் தொடாதீங்க அக்கா."

அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்ப முன்னுக்குச் சுருளாவே நிக்குமே தங்கச்சி, பார்க்க ஒரு மாதிரி இருக்காதா?"

"இருக்கட்டும்" என்றாள்.