சூடோ போச்சே!

நடுராத்திரி ஒன்றரை மணி. காலையில் மினி புராஜெக்ட் ரிவ்யூ. அந்த நேரம் பார்த்து என் உபுண்டு கம்ப்யூட்டர், "நீ சூடோ லிஸ்ட்டிலேயே இல்லை. இந்தச் சம்பவம் ரிப்போர்ட் செய்யப்படும்" என்று மிரட்டுகிறது. யார்கிட்டப்பா ரிப்போர்ட் பண்ணுவே? மெஷினுக்கு ஓனரே நான்தான்!

தப்பு என் மேலதான். ஆர்டுவினோ போர்டு பேசணும்னா நம்ம பேரை 'டயல்அவுட்' குரூப்பில் சேர்க்கணும். 'யூசர்மாட்' கமாண்டில் மைனஸ் ஏஜி என்று அடிக்க வேண்டிய இடத்தில், வெறும் மைனஸ் ஜி அடிச்சுத் தொலைச்சேன். அந்த 'ஏ' இருந்தால் பழைய குரூப்களோடு புதுசும் சேரும். இல்லாவிட்டால் புதுசு மட்டும் மிச்சம், சூடோ உள்பட மற்றதெல்லாம் காலி. லாக்-அவுட் செய்து திரும்பி வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

ஓஎஸ்ஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணிடாதீங்க மக்கா! ரீஸ்டார்ட் செய்து, க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரெக்கவரி மோட், ரூட் என்று போங்க. டிஸ்க் ரீட்-ஒன்லியாக இருந்தால் ரைட் மோடில் ரீமவுன்ட் செய்யணும். அப்புறம் அதே யூசர்மாட், மைனஸ் ஏஜி, சூடோ, உங்க யூசர் நேம். இந்த முறை 'ஏ'-வை ரெண்டு தடவை செக் பண்ணிக்கோங்க!

ரெண்டேகாலுக்கு எல்இடி கண் சிமிட்டியது. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த ரூம்மேட், "மச்சி, பாஸ்வேர்டே இல்லாம யார் வேணா இப்படி உள்ளே போகலாமா?" என்றான். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யலைன்னா போகலாம்.

அதிலிருந்து அவன் பார்வையே சரியில்லை.