லக்ராஸ் கிளப் - யாருக்கு லாபம்?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், அதிலும் லாங் ஐலண்ட், பால்டிமோர் பக்கம், பையனுக்குப் பத்து வயது ஆனாலே போதும், வீட்டில் ஒரு விவாதம் ஆரம்பித்துவிடும். எந்த லக்ராஸ் கிளப்பில் சேர்ப்பது? பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஆடும் உள்ளூர் கிளப்பா, மாநிலம் மாநிலமாகப் போய் ஆடும் 'எலைட்' கிளப்பா?

(லக்ராஸ் தெரியாதவர்களுக்கு: நுனியில் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து, வீசி, கோல் போடும் ஆட்டம். கோல் கொண்டு கோல் போடுவது :-) வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆடும் வடிவமாகச் சேர்த்திருக்கிறார்கள்.)

பள்ளியில் அணி இருக்கும்போது கிளப் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. பள்ளி ஆட்டங்கள் வசந்த காலத்தில் நடக்கின்றன. கல்லூரி ஆட்டங்களும் அதே வசந்த காலத்தில்தான். தன் அணியை விட்டுவிட்டு எந்தக் கல்லூரிக் கோச் ஒரு பள்ளி மைதானத்தில் வந்து உட்காருவார்? அவருக்கு நேரம் கிடைப்பது கோடையில். கோடையில் நடப்பதோ கிளப் டோர்னமென்ட். ஒரே வளாகத்தில் வரிசையாக மைதானங்கள், காலையிலிருந்து மாலை வரை ஆட்டம், ஓரத்தில் நோட்டும் கையுமாகக் கோச்சுகள். ஆகவே கிளப்பே வேண்டாம் என்று சொல்ல முடியாது. எந்தக் கிளப், எந்த வயதில், என்ன விலைக்கு என்பதில்தான் ஏமாறுகிறார்கள்.

செலவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம், விமான டிக்கெட், ஹோட்டல், ஹெல்மெட், கோல் எல்லாம் சேர்ந்து வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் சாதாரணமாகப் போய்விடும். 'பரவாயில்லை, ஸ்காலர்ஷிப்பில் திரும்ப வந்துவிடும்' என்பது பெற்றோர் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். வருமா? பல வருடங்களாக டிவிஷன் ஒன் ஆண்கள் அணி ஒன்றுக்கு இருந்த உச்சவரம்பு 12.6 ஸ்காலர்ஷிப். பெண்கள் அணிக்கு 12. அணியில் 45 பேர் என்று வைத்தால், சமமாகப் பிரித்தாலும் தலைக்கு 28 சதவீதம்தான். சமமாகவும் பிரிக்க மாட்டார்கள். நட்சத்திர ஆட்டக்காரனுக்குப் பெரிய பங்கு போனால் கடைசி வரிசைக்குப் பூஜ்யம். ஐவி லீக் கல்லூரிகளும் டிவிஷன் த்ரீ கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் தருவதில்லை.

2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றபிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. ஆண்களுக்கு 48, பெண்களுக்கு 38. கொடுக்கத் தடையில்லை என்றால் கொடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமா? ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் பங்கு வைத்த பிறகு மிஞ்சுவதில்தான் லக்ராஸ் கைநீட்ட வேண்டும்.

பணம் வராவிட்டாலும் ஒன்று கிடைக்கலாம்: இடம். வில்லியம்ஸ், டஃப்ட்ஸ் மாதிரி அட்மிஷன் கிடைக்கவே திண்டாடும் கல்லூரிகளில் கோச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அதற்காகச் செலவு செய்கிறோம் என்று நேர்மையாகச் சொல்லும் பெற்றோரோடு சண்டை இல்லை. ஆனால் அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும். ஒவ்வொரு வாரக்கடைசியும் விமான நிலையத்தில் கழிந்தால் பையன் எப்போது படிப்பான்?

வயது விஷயம்தான் எல்லாவற்றையும்விட மோசம். 2017க்கு முன் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளே கல்லூரிகளுக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூத்தைக் கோச்சுகளாலேயே பொறுக்க முடியாமல், அவர்களே கேட்டு, 2017 ஏப்ரலில் விதி மாறியது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை கல்லூரிக் கோச் பிள்ளையோடு ரெக்ரூட்டிங் பேச்சே பேசக்கூடாது. விதி மாறி இத்தனை வருடமாகியும் பதினோரு வயதுப் பையனின் அப்பாவிடம் 'இப்போதே சேராவிட்டால் ரயிலைத் தவறவிடுவீர்கள்' என்று பயம் காட்டும் கிளப்புகள் இருக்கின்றன. அந்த ரயில் கிளம்பவே இன்னும் ஐந்து வருடம் இருக்கிறதே!

அந்த ஐந்து வருடத்தில் பையனுக்குத் தேவை மைதானத்தில் நிற்கும் நேரம். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு சமயத்தில் உள்ளே இருப்பது பத்துப் பேர். எலைட் அணியில் இருபத்திரண்டாவது ஆளாக பெஞ்சில் உட்கார்ந்து ஜெர்சி போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, சின்னக் கிளப்பில் முழு ஆட்டம் ஆடி, தப்பு செய்து, கோச்சிடம் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல். கோல்கீப்பர் என்றால் இன்னும் கஷ்டம். இருப்பது ஒரே இடம், அதற்கும் இரண்டு பேரைச் சேர்த்திருப்பார்கள். இருவரிடமும் முழுக் கட்டணம், ஆளுக்குப் பாதி ஆட்டம்.

எலைட் கிளப்புகள் காட்டும் 'எங்கள் பிள்ளைகள் சேர்ந்த கல்லூரிகள்' பட்டியலும் கோச்சிங் சென்டர் விளம்பரம் மாதிரிதான். முதலிடம் பிடித்தவன் படம் இருக்கும், அவனோடு சேர்ந்து பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்பது இருக்காது. ஏ அணி, பி அணி, சி அணி என்று மூன்று வைத்திருந்தால், பட்டியலில் உள்ள பெயர்களில் சி அணியில் ஆடியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கோடை டோர்னமென்ட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து வந்து ஆடிவிட்டுப் போனவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

சின்னக் கிளப் பையனுக்கு வேறு வழியும் உண்டு. ஒன்பதாவது, பத்தாவதுக்குப் பிறகு தன் ஆட்டத்தை வீடியோ எடுத்துத் தானே கோச்சுக்கு அனுப்பலாம். பிடித்த இரண்டு மூன்று கல்லூரிகள் நடத்தும் முகாமுக்கு நேராகப் போகலாம். அங்கே அதே கோச் பக்கத்து மைதானத்தை எட்டிப் பார்க்காமல் நாள் முழுக்க அவனையே பார்ப்பார். செலவு ஒரு டிக்கெட், ஒரு ராத்திரி ஹோட்டல்.