விற்ற பொருளே விற்றவர்க்குப் போட்டி

அரிசி விற்பவர்க்கு நேற்றைய விற்பனை இன்றைய விற்பனையைக் கெடுப்பதில்லை. மகிழுந்தும் குளிர்பதனப் பெட்டியும் விற்பவர் நிலை வேறு. அவர் விற்ற ஒவ்வொன்றும் சந்தையிலேயே தங்கி, செப்பனிடப்பட்டு, கைமாறி, அவருடைய புதுச் சரக்கோடு மோதுகிறது. நீடித்துழைக்கும் பொருள்களின் விலையை ஆராயப் புகுவோர் இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

1972இல் பொருளியலறிஞர் ரொனால்டு கோஸ், ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால் என்னாகும் என்று வினவினார். உயர்ந்த விலைக்குச் சிறிது விற்றபின், எஞ்சியதை விலை குறைத்து விற்கவே அவர் முனைவார். அதை அறிந்த மக்கள் காத்திருப்பர். எனவே எதிரியே இல்லாத அந்த உடைமையாளரும் போட்டிச் சந்தையின் விலைக்கே இறங்க நேரும். ஆனால் தப்பும் வழிகளும் உண்டென்று கோஸே சுட்டினார்: விற்காமல் குத்தகைக்கு விடலாம், பொருளின் ஆயுளையே குறைக்கலாம்.

முதல் வழியை அமெரிக்காவின் யுனைடெட் ஷூ மெஷினரி நிறுவனம் நெடுங்காலம் கையாண்டது. காலணி செய்யும் முதன்மை எந்திரங்களை அது எவருக்கும் விற்கவில்லை. பத்தாண்டுக் குத்தகைக்கே விட்டது. பழுதுபார்ப்புக்குத் தனிக் கட்டணமும் கேட்கவில்லை. சலுகைபோல் தோன்றிய இவ்வேற்பாட்டால் பழைய எந்திரங்களுக்குச் சந்தை பிறக்கவில்லை. அவற்றைச் செப்பனிடும் தனித்தொழிலும் தலையெடுக்கவில்லை. 1953இல் நீதிபதி வைசான்ஸ்கி, குத்தகைக்கு விடும் எந்திரங்களை விலைக்கும் தர வேண்டும், பழுதுபார்ப்புக் கட்டணத்தைப் பிரிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பொருளியலறிஞர் கார்ல் கேசனைத் துணைக்கு அமர்த்திக்கொண்டு அவர் ஆராய்ந்த வழக்கு அது. கோஸின் கட்டுரைக்கு 19 ஆண்டுகள் முன்பே, விலையில் கைவைக்காமல் முற்றுரிமையின் வேரை நாடிய அத்தீர்ப்பை நாம் வியந்து போற்றுகிறோம்.

இரண்டாம் வழி அதனினும் கொடிது. 1924இல் ஜெனீவாவில் உருவான, மின்விளக்கு நிறுவனங்களின் ஃபீபஸ் கூட்டணி, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறுக்கியது. அளவு மீறிய உறுப்பினர்க்கு அபராதமும் விதித்தது.

நம் நாட்டில் மூன்றாம் வழி ஒன்று வெளிப்பட்டது. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 மகிழுந்து நிறுவனங்கள்மீது ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறறியும் கருவிகளையும் அவை வெளிப் பட்டறைகளுக்கு எட்டவிடவில்லை என்பது ஆணையத்தின் முடிவு. வண்டி விற்பனையில் அந்நிறுவனங்கள் கடுமையாகவே போட்டியிட்டன. ஆனால் வாங்கியபின் உரிமையாளர்க்கு வேறு புகலில்லை. காட்சியறை விலையையும் போட்டியாளர் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு சந்தையை அளந்தால் இக்கேடு கண்ணில் படாது.

நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. அது போதாது. உதிரிபாகங்களை நியாய விலையில், குறித்த ஆண்டுகள் வரை, எந்தப் பட்டறைக்கும் வழங்குவதை நடுவணரசு சட்டக் கடமையாக்க வேண்டும். நிறுவன இணைப்புகளுக்கு இசைவளிக்கும் முன், பழம்பொருள் சந்தைக்கு அவற்றால் நேரும் விளைவையும் போட்டி ஆணையம் கணக்கிட்டாக வேண்டும்.