அந்த வாய்க்குள் யார் கை வைப்பது?

பாலக்கரையில் எங்கள் தெருப் பையனுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு வராது. நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை, கையைக் கடித்துக்கொண்டே இருந்தான். துப்புரவு வேலைக்குப் போகும் அவன் அம்மா, அடம் என்று நினைத்து இரண்டு அடியும் வைத்துவிட்டார். கன்னம் வீங்கிய பிறகுதான் தெரிந்தது, கடைவாய்ப் பல் சொத்தை. தூக்கிக்கொண்டு போனால் கிளினிக் மாடியில். ஏறினோம். "இந்த மாதிரிப் பிள்ளைங்களை இங்க பாக்கறதில்லை" என்றார்கள். வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25ஆம் பிரிவைப் படியுங்கள். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையில்லாத வழியும், சிகிச்சையில் முன்னுரிமையும் கிடைக்கச் செய்வது அரசின், உள்ளாட்சியின் கடமை. ஊனமுற்றோர் என்ற சொல்லை எடுத்துவிட்டீர்கள், நல்லது. மாடிப்படியை எப்போது எடுப்பீர்கள்?

வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் மாத்திரை ஈறைத் தடிக்க வைக்கும் என்பது டாக்டருக்குப் படித்த எல்லோருக்கும் தெரியும். மாத்திரை எழுதும் கை பல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதுகிறதா? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு தேடி வருகிறது. பல்லைத் தேடி யார் வருவது? ஒன்றிய அரசின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும், பல்லுக்கும் உண்டு. ஆனால் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பில்லை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். தினக்கூலிக்காரி எங்கே போய்க் கட்டுவாள்? கந்துவட்டிக்கா?

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு: 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரில் 2.45. எச்சில் பட்டுவிடும் என்றுதானே நமக்குத் தனிக்குவளை வைத்தார்கள்? பல் வைத்தியம் என்பதே அடுத்தவர் எச்சிலில் கை வைப்பதுதான். கல்லறைக்குள்ளேயே சுவர் எழுப்பிய மேலப்புதூர் இங்கிருந்து கூப்பிடு தூரம்.

நாம் கேட்பது பெரிதல்ல. மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரைத்தளத்தில் ஒரு பல் நாற்காலி. அரசு மருத்துவமனையில் அசையாமல் உட்கார முடியாத பிள்ளைகளுக்கென்று, மயக்க மருந்து டாக்டரோடு வாரம் ஒரு நாள். கவுன்சிலர்கள் இதை மாமன்றத்தில் கேட்கட்டும்.

பையனுக்குப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. ஆறு மாதம் முன்பு யாராவது பார்த்திருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கலாம்.